ஏழாவது நெகட்டிவ்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். இங்கே யாவரும் நலமாக இல்லை, அதனால் அந்த வரியைத் தாண்டிப் போகிறேன். நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. குளிர் எலும்பைத் துளைக்கிறது என்று எழுதியிருந்தாய். உன் அண்ணி அதைப் படித்துவிட்டு, "நான் வச்சு அனுப்பின கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தானா, இல்ல அதுக்குக் குளிருமேன்னு உள்ளேயே வச்சிருக்கானா, கேளுங்க" என்றாள். கேட்டுவிட்டேன்.

போனில் பேசினால் எல்லாவற்றுக்கும் "சரிண்ணா, சரிண்ணா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எதற்குச் சரி சொன்னாய் என்று எனக்கும் தெரிவதில்லை, உனக்கும் தெரிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் அந்த பிலிம் ரோல். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் தங்கச்சி மாப்பிள்ளையின் கை மெஷினில் சிக்கிய மறுநாள், விசாரணை அதிகாரி படம் கேட்டார் என்று கம்பெனிக்காரர்கள் உன்னைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்களே, அந்த ரோல். எப்போதும் உன் ரோலை நீயேதான் கழுவுவாய். என்னை டார்க் ரூம் வாசலிலேயே நிறுத்தி, "உங்க கை கல்லாவுக்குத்தான் லாயக்கு" என்பாய். இந்த ஒன்றை மட்டும் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் புது வேலைக்கு விமானம் ஏறிவிட்டாய். பயண அவசரம், போகட்டும். வேறு ஆளிடம் கொடுக்க மனம் வராமல் நானே கழுவினேன். புது டெவலப்பர் பாக்கெட்டைப் பிரித்தேன், தண்ணீரின் சூட்டை அளந்தேன், நீ சுவரில் ஒட்டி வைத்திருக்கும் சீட்டைப் பார்த்து, எத்தனை நிமிஷமோ அத்தனை நிமிஷம் டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தினேன். படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போவில் போட்டு எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. எல்லாம் கச்சிதம்.

ஏழாவதைத் தவிர.

ஏழாவதில் வலது பக்கம் ஜன்னல் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரம் இலை இலையாகத் தெரிகிறது. இடது பக்கம், நமக்கு வேண்டிய அந்த மூலை, நெகட்டிவில் வெளிச்சமே விழாத மாதிரி வெறும் கண்ணாடியாக இருக்கிறது. கோடு கிடையாது, புள்ளி கிடையாது. பிரிண்ட் போட்டால் தார் ஊற்றிய மாதிரி ஒரே கறுப்பு.

அந்த மூலையில் என்ன கிடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், சொன்னால்தான் என் ஆத்திரம் கொஞ்சம் அடங்கும். வேலையைச் சீக்கிரம் முடிக்கிற ஆசையில் மாப்பிள்ளையே விபத்தன்று காலையில் மெஷின் உருளைமேல் இருந்த இரும்பு மூடியைக் கழற்றிவிட்டார், அதனால் கை போனது அவர் தவறு என்று கம்பெனி சொல்கிறது. மூடியைக் கழற்றி மூலையில் போட்டு மாதக்கணக்காகிவிட்டது, கழற்றச் சொன்னதே மேனேஜர்தான், அதன்மேல் அட்டைக் கட்டுகளை அடுக்கித் தூசி படிந்து சிலந்தியும் வலை கட்டிவிட்டது என்று மாப்பிள்ளை சொல்கிறார். தூசியும் சிலந்தி வலையும் ஒரே காலையில் வருமா? படத்தில் அது தெரிந்தால் அதிகாரி வேறு எதையும் கேட்கப்போவதில்லை. தெரியாவிட்டால் வேலையும் போச்சு, நஷ்டஈடும் போச்சு. தன் கையைத் தானே கொடுத்த மடையன் என்ற பெயர் மட்டும் அவருக்கு மிஞ்சும். வலது கையில் கட்டைவிரலைத் தவிர ஒன்றும் இல்லாத மனிதருக்கு இனி எந்தக் கம்பெனி வேலை கொடுக்கும்?

படம் எடுத்த அன்று மாலை நீ ஆஸ்பத்திரிக்குப் போய் தங்கச்சியிடம், "அக்கா, அத்தான் சொன்னது நிஜம்தான். மூடிமேல தூசி ஒரு விரல் கனத்துக்கு இருக்கு. நான் படம் எடுத்துட்டேன், நீ அழாதே" என்று சொல்லியிருக்கிறாய். அவள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தினமும் கடைக்கு வந்து படம் வந்துவிட்டதா என்று கேட்கிறாள். பிரிண்ட் பேப்பர் ஸ்டாக் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நாற்பது பெட்டி பேப்பர் அடுக்கியிருக்கும் அலமாரியின் முன்னால் நின்றுகொண்டு நான் இதைச் சொல்கிறேன், அவளும் நம்பிவிட்டுப் போகிறாள்.

கடையில் வாடிக்கையாளர்களிடம் நான் பேசுகிற பேச்சு உனக்கு மனப்பாடம். கறுப்பு வெள்ளை பிலிம் நல்ல குணமுள்ளது சார், வெளிச்சம் இரண்டு மடங்கு, நாலு மடங்கு கூடிப்போனாலும் முகம் சுளிக்காது, பிரிண்டில் சரிக்கட்டிக்கொள்ளலாம், குறைத்துவிட்டால் மட்டும் மன்னிக்காது. இப்படிப் பேசித்தான் இத்தனை வருஷம் விற்றேன். அந்தப் பேச்சை எனக்குக் கற்றுக்கொடுத்தவனே நீதான். "பிலிம்ல விழாத வெளிச்சத்தை மருந்து எங்கேயிருந்து கொண்டுவரும்? மருந்து என்ன மாமியார் வீட்டுச் சீரா, கேட்டா வர்றதுக்கு?" என்று என்னைக் கேலி செய்தவன், ஒரு இருட்டு மூலைக்கு இவ்வளவு கஞ்சத்தனமாக வெளிச்சம் கொடுத்தது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

செய்யாததில்லை. ஹார்ட் பேப்பரில் போட்டேன், சாஃப்ட் பேப்பரில் போட்டேன். ஜன்னலுக்கு மட்டும் வெளிச்சம் விட்டு மூலையைக் கையால் மறைத்துப் போட்டேன். கறுப்பு போய்ச் சாம்பல் வந்தது, அந்தச் சாம்பலிலும் ஒன்றும் இல்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு எதிர்க்கடைக்காரரிடமே போனேன். நெகட்டிவைத் தடிப்பாக்குகிற மருந்து அவரிடம் இருக்கிறது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதுல தடிப்பாக்க என்னய்யா இருக்கு? ஏதாவது இருந்தாத்தானே தடிப்பாக்க? உன் கடை சுவரைக் கொண்டா, அதைக்கூடத் தடிப்பாக்கித் தர்றேன்" என்றார். அந்த ஆளிடம் இப்படி ஒரு பேச்சு வாங்கவா நான் கடை போட்டேன்?

உனக்கு ஒரு பழக்கம் உண்டு. இருட்டும் வெளிச்சமும் கலந்த இடம் என்றால் ஒன்று எடுத்து, அதற்கு இரட்டிப்பு நேரம் கொடுத்து இன்னொன்றும் எடுப்பாய். "பிலிம் வீணாகுதேன்னு நீங்க அழுதாலும் பரவாயில்லை" என்பாய். அந்த இரண்டாவது இந்த ரோலில் இல்லை. வேறு ரோலில் எடுத்தாயா? கேமரா பையின் அடியிலோ கோட்டுப் பையிலோ ஒரு ரோல் கிடக்கிறதா, தேடிப் பார். கிடந்தால் அன்றே அனுப்பு. தபால் செலவைப் பார்க்காதே.

விசாரணை அடுத்த மாதம். பதிலை எதிர்பார்த்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. வேறு ரோல் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குக் கீழே எழுதியிருக்கும் காரணங்களைப் படித்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இரண்டு நாள் ஆறப்போட்டுத்தான் எழுதுகிறேன். ஆறவில்லை.

நான் சரியாகக் கழுவவில்லை, டெவலப்பரில் இருந்து சீக்கிரம் எடுத்துவிட்டேன் என்கிறாய். உனக்கு நான் டார்க் ரூமில் எடுபிடியாகத் தெரியலாம். ஆனால் பொருளைப் பார்த்துத் தரம் சொல்லித்தான் நான் சோறு தின்கிறேன். மருந்தில் குறைவாக ஊறியிருந்தால் முதலில் சோகை பிடிப்பது வெளிச்சமான இடம்தானே? ஜன்னல் எப்படி நெகட்டிவில் கன்னங்கரேல் என்று திடமாக நிற்கிறது? இதுவாவது பரவாயில்லை. பிலிம் ஓரத்தில் தொழிற்சாலைக்காரன் வெளிச்சத்தாலேயே நம்பர் அடித்து அனுப்புகிறானே, அந்த நம்பரைப் பார்த்தேன். அதை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மருந்து குறைந்திருந்தால் அந்த நம்பரும் வெளிறிப்போயிருக்கும். ஏழு என்ற எண் மை வைத்து எழுதியது போல் இருக்கிறது. பன்னிரண்டு படமும் ஒரே பிலிமில், ஒரே டேங்கில், ஒரே மருந்தில், ஒரே நேரம் கிடந்தவை. ஏழாவதை மட்டும் தனியாகக் கூப்பிட்டு நான் எப்படி வஞ்சகம் செய்ய முடியும்?

அப்புறம், பிலிம் பழையது, தேதி தாண்டியதாக இருக்கலாம் என்கிறாய். இதை எழுத உனக்குக் கை எப்படி வந்தது? அடுத்தவன் பெட்டியைச் சுமந்துகொண்டிருந்தவன் சொந்தமாக ஒரு கடையைத் திறந்து உட்கார்ந்தேன் என்றால், என்னிடம் வாங்கினால் பழைய சரக்கு வராது என்ற ஒரே பேச்சால்தான். சரி, வியாபாரமாகவே பேசுவோம். பழைய பிலிம் என்றால் மேலே பனி படிந்த மாதிரி மொத்தமும் மங்கலாகும். இது அலம்பித் துடைத்த தம்ளர் மாதிரி இருக்கிறது. எந்தக் கடைக்காரனிடம் கொண்டுபோய்க் காட்டினாலும் புது பிலிம் என்றுதான் சொல்வான், எதிர்க்கடைக்காரர் உட்பட.

மூன்றாவதாக லைட் மீட்டர். ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து அது ஏமாந்திருக்கும் என்கிறாய். ஏமாறும், ஒத்துக்கொள்கிறேன். நேற்று கேமரா வாங்கியவன் கையில் இருந்தால் ஏமாறும். நம் கடைக்கு வருகிறவர்களிடம் நீ என்ன சொல்வாய்? "சார், மீட்டரை ஜன்னலுக்குக் காட்டாதீங்க, மூலைக்குப் பக்கத்துல கொண்டுபோய்க் காட்டுங்க. ஜன்னல் வெந்தா வேகட்டும், உங்களுக்கு வேண்டியது மூலைதானே?" இதைச் சொல்லிவிட்டு நீயே ஜன்னலுக்குக் காட்டினாயா? எட்டாவது படம் இருக்கிறதே, மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு எடுத்தது, அது மூலையைவிட இருட்டான இடம். அதில் ஒவ்வொரு நட்டும் போல்ட்டும் தெரிகிறது. கேமராவை அசையாமல் ஸ்டாண்டில் வைத்து, பொறுமையாக எண்ணிக்கொண்டு ஷட்டரைத் திறந்து வைத்திருக்கிறாய். ஆறாவதில் எண்ணத் தெரிந்திருக்கிறது, எட்டாவதில் தெரிந்திருக்கிறது. நடுவில் ஒன்றுக்கு மட்டும் எண்ணிக்கை மறந்துபோயிற்றா?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம்தான், ஆனால் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இங்கே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். நானே கம்பெனிக்குப் போனேன். வேறு ஆளை வைத்து அந்த மூலையைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. மேனேஜரைத்தான் உனக்குத் தெரியுமே, சட்டையோடு சேர்த்து முகத்தையும் இஸ்திரி போட்டு வருகிற மனிதர். வாசல்வரை வந்து வரவேற்றார். "உங்க தம்பி எப்படி இருக்கான்? அங்கே ஸ்டுடியோவுல இருக்கிற என் மச்சினன் அவனைப் பத்தி ரொம்பப் பெருமையா எழுதியிருக்கான்" என்றார். உள்ளே கூட்டிப்போனார். மூலை கழுவித் துடைத்துக் கிடக்கிறது. அட்டைக் கட்டு ஒன்றையும் காணோம். இரும்பு மூடி உருளைமேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது, புதுப் பச்சைப் பெயிண்ட் அடித்து. தொட்டால் ஒட்டும்போல இருந்தது. "பாதுகாப்பு விஷயத்துல நாங்க ரொம்பக் கண்டிப்பு" என்றார். வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அங்கேயே நின்றிருந்தால் வாயில் வேறு வந்திருக்கும்.

கூட வேலை செய்கிறவர்களைத் தனித்தனியாகப் பிடித்துக் கேட்டேன். மாப்பிள்ளையோடு பக்கத்து மெஷினில் நிற்கிற அந்த ஒல்லி மனிதர், டீ வாங்கிக் கொடுத்ததைக் குடித்து முடித்துவிட்டு, "அண்ணே, நான் மெஷினைத்தான் பார்ப்பேன், மூலையைப் பார்க்கிறது என் வேலையில்ல" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். நாளைக்கே அவர் கை உள்ளே போனால் அவருக்காக யார் மூலையைப் பார்த்தேன் என்று சொல்வார்கள் என்பதை மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். டீக்கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

தங்கச்சி நேற்றும் வந்தாள். மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டுப் போட்ட கையைத் துண்டால் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசுகிறாராம். கம்பெனி ஆள் ஒருவன் வந்து, தவறு தன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தால் முதலாளி பார்த்து ஏதாவது செய்வார் என்று நாக்கில் தேன் தடவிப் பேசிவிட்டுப் போயிருக்கிறான். மாப்பிள்ளை கேட்டாராம், எந்தக் கையால எழுதணும் என்று. தங்கச்சி அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பா அது? அப்புறம் என்னைப் பார்த்து, "ஏண்ணா, ஊர்ல இருக்கிறவன் படமெல்லாம் உன் கடையில பளிச்சுனு வருது, எங்க படம் மட்டும் இன்னும் இருட்டுலயே இருக்கே?" என்றாள். இதற்கு மேலும் பேப்பர் இல்லை என்று சொல்ல முடியாது.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் எழுது. காரணம் எதுவும் எழுதாதே. ஏழாவது படத்தை எடுக்கும்போது உன் பக்கத்தில் யார் நின்றது? நின்றவர் ஏதாவது சொன்னாரா?

வேளைக்குச் சாப்பிடு. கடையில் பேச்சு ஆரம்பித்தால் சாப்பாட்டை மறந்துவிடுகிற ஆள் நீ.

இப்படிக்கு,
உன் அண்ணன்

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் கையில் இருக்கிறது. அரைப் பக்கம். வேலை நன்றாக இருக்கிறது, ஸ்டுடியோ பெரியது, மேனேஜரின் மச்சினன் நல்ல மாதிரி, தங்கும் அறைக்கு ஜன்னல் இருக்கிறது. நான் கேட்ட கேள்வி எங்கே என்று கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசி வரியில், "அண்ணா, இதை இதோடு விட்டுவிடுங்கள், எனக்குத் தூக்கம் வருவதில்லை" என்று எழுதியிருக்கிறாய்.

தூக்கம் வராததை ஏன் எழுதினாய் என்று உன் அண்ணி கேட்டாள். அவளுக்கு நான் இந்த விஷயம் ஒன்றையும் சொல்லவில்லை. புது இடம், அப்படித்தான் இருக்கும் என்றேன்.

தம்பி, கூட்டிக் கழித்துப் பார்ப்பது என் பிழைப்பு. எதிரில் வந்து நிற்கிறவன் பேரம் பேசுவானா, வாங்காமல் போய்விடுவானா என்று அவன் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே சொல்லிவிடுவேன். இந்த ஒரு கணக்கை மட்டும் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒரு மனிதன் எடுக்கவும் வேண்டும், எடுத்தது தெரியவும் கூடாது என்ற நிலையில் நின்றால் என்ன செய்வான், ஷட்டரை எவ்வளவு நேரம் திறப்பான் என்று யோசனை போகிறது. போகும்போதே இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன். விடை வந்துவிட்டால் அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பத்து நாளைக்கு முன்னால் தங்கச்சி மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். இன்று படத்தைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேறு வழியில்லாமல் ஏழாவது பிரிண்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் அந்தக் கறுப்பைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை இடது கையால் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, திரும்பப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். தங்கச்சி, "அவன் எடுத்துட்டேன்னு சொன்னானே. என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னானே" என்றாள். அதற்கு அடுத்து அவள் முகத்தில் ஒரு யோசனை ஓட ஆரம்பித்தது. என் தங்கச்சி என்னைவிடக் கூர்மை. அந்த யோசனை எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அது முடிவதற்குள் நான் சொல்லிவிட்டேன். பிலிம் பழசு, தேதி தாண்டியது, ஸ்டாக்கில் அடியில் கிடந்ததை நான்தான் பார்க்காமல் எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டேன், அவன் சரியாகத்தான் எடுத்தான், பிலிம்தான் காலை வாரிவிட்டது என்றேன். வாய் கூசத்தான் செய்தது. ஆனால் சொல்லி முடித்துவிட்டேன்.

தங்கச்சி எழுந்து நின்றாள். கடையில் ஆட்கள் இருந்தார்கள். "செத்த சரக்கை ஊர்ல வேற யார் தலையிலயும் கட்ட முடியலையா அண்ணா? எங்க தலைதான் கிடைச்சதா?" என்று கேட்டாள். நான் பெட்டிகளை அடுக்குகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். மாப்பிள்ளைதான் அவளை அடக்கினார். "விடு, மச்சான் வேணும்னேவா செஞ்சிருப்பார்?" என்றார். தங்கச்சி பேசியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன் தம்பி, அவர் சொன்னதுதான் எனக்கு உள்ளே போய்க் குத்தியது.

அப்புறம் என்ன, தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஒரு ஸ்டுடியோக்காரர் வந்து, போன வாரம் வாங்கின பெட்டியைத் தேதி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தேதி சரியாகத்தான் இருந்தது, இருந்தாலும் திருப்பிக் கொடுத்தார். எதிர்க்கடைக்காரர் மட்டும் சாயங்காலம் வந்து என் மேஜைமேல் சாய்ந்துகொண்டு, "நான் அந்த நெகட்டிவைப் பார்த்தேன்யா. அது பழைய பிலிம் இல்ல. யாருக்காக இப்படிப் பேசுறே?" என்றார். உங்கள் கடையைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கெட்டிக்காரர். யாரிடமும் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன்.

தங்கச்சி இப்போது என் வீட்டுப் படி ஏறுவதில்லை. உன்னைப் பற்றிக் கேட்கிறவர்களிடம், பாவம் அவன் ஒழுங்காகத்தான் எடுத்தான் என்று சொல்கிறாளாம். உனக்கு அதை எழுதச் சொல்லி ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். எழுதிவிட்டேன்.

அதிகாரியையும் போய்ப் பார்த்தேன். அவரிடம் பிலிமைப் பற்றிக் கதை எதுவும் அளக்கவில்லை. அந்த ஒரு படம் சரியாக வரவில்லை என்று மட்டும் சொன்னேன், அது உண்மைதானே? எடுத்தவன் கண்ணால் கண்டதை வந்து சொன்னால் எடுபடுமா என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "படத்துல இல்லாததை எடுத்த ஆள் சொல்லலாம், அவர் அங்கே நின்னவர்தானே. ஆனா எழுதி அனுப்பினா நான் ஒத்துக்கமாட்டேன், நேர்ல வரணும், கம்பெனிக்காரங்க கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லணும்" என்றார். உனக்காக விசாரணையை அடுத்த மாதக் கடைசி வரைக்கும் தள்ளி வைத்திருக்கிறார். அதற்கு மேல் தள்ளமாட்டார்.

ஆகவே இப்போது சொல்லுகிறேன், காது கொடுத்துக் கேள். பிலிமில் பதியாதது பதியாததுதான். அதைப் பற்றி இனி உனக்கும் எனக்கும் பேச்சில்லை. யார் நின்றது, யார் சொன்னது, இந்த வேலை எப்படி இவ்வளவு சீக்கிரம் கிடைத்தது, ஒன்றையும் நான் கேட்கமாட்டேன், செத்தாலும் கேட்கமாட்டேன். வீட்டில் யாராவது படத்தைப் பற்றி எடுத்தால், பழைய பிலிம் கொடுத்தார் என்று என் பக்கம் கையைக் காட்டிவிடு. நான் அதற்குத் தலையாட்டிக்கொள்கிறேன். அதிகாரி முன்னால் நீ சொல்ல வேண்டியது, மூடி எங்கே கிடந்தது, அதன்மேல் என்ன இருந்தது, தூசி எவ்வளவு இருந்தது என்பது மட்டும்தான். ஆஸ்பத்திரியில் உன் அக்காவிடம் சொன்னாயே, அதே வார்த்தை. கூட ஒன்றும் வேண்டாம், குறைவாகவும் வேண்டாம்.

அந்த வேலை போய்விடும். போகட்டும். இங்கே வந்தால் கம்பெனிக்காரர்கள் உனக்கு இனி ஒரு ஆர்டரும் தரமாட்டார்கள், எனக்கும் தரமாட்டார்கள். நம் கடை அவர்களை நம்பித் திறந்ததில்லை. நீ வந்து டார்க் ரூமில் நின்றால், என் விரல் நகமெல்லாம் டெவலப்பர் கறையாகிக் கிடப்பதாவது நிற்கும். உன் அண்ணி என்னைச் சோற்றைத் தொடவிடமாட்டேன் என்கிறாள்.

டிக்கெட்டுக்கு இங்கேயே சொல்லி வைத்திருக்கிறேன். தேதி மட்டும் போடவில்லை. நீ தேதி எழுதி அனுப்பினால் போதும், வேறு ஒரு வரியும் எழுத வேண்டாம். விளக்கம் எழுதினால் நான் படிக்கமாட்டேன்.

மாப்பிள்ளை இடது கையால் சட்டைப் பொத்தான் போடப் பழகுகிறார். மேல் பொத்தான் மட்டும் வரவில்லையாம். யாரையும் போட்டுவிடச் சொல்லாமல் அதைத் திறந்தே விட்டுக்கொண்டு வெளியே வருகிறார்.

ஸ்டுடியோவில் பெரிய விளக்குகளுக்கு நடுவில் நிற்கிறாய் என்று எழுதியிருந்தாய். கண்ணைப் பார்த்துக்கொள். நல்ல கண் உனக்கு, சின்ன வயசிலிருந்தே மற்றவர்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரியும். அந்தக் கண்ணுக்கு எந்தக் குறையும் வராமல், பார்த்ததைப் பார்த்தபடி வைத்துக்கொண்டு, நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். வந்துவிடு தம்பி.

இப்படிக்கு,
உன் அண்ணன்